துப்பாக்கிக்குச் சின்ன ஸ்கோப் போதும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "பாலத்தைப் பத்திப் பேசாதேப்பா, போன தடவை மூணு பேர் அதையே பேசிட்டாங்க. வேற ஏதாவது சொல்லு" என்றார். பென்சில்வேனியாவில் பாலங்களைச் சோதனை போடுவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. அதை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் இருப்பது மான் வேட்டை. இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. (சிரிப்பு)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இதைக் கேட்டுவிட்டு யாரும் முதுமலைப் பக்கம் கிளம்பிவிட வேண்டாம். அங்கே நிலைமை வேறு. ஓநாயும் பூமாவும் அந்தக் காடுகளிலிருந்து எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன. வெள்ளைவால் மான் பெருகி, முளைக்கிற மரக்கன்றையெல்லாம் மேய்ந்துவிடுகிறது. ராத்திரியில் கார் முன்னால் வந்து விழுகிறது. 1895-இல் ஏற்பட்ட வேட்டை ஆணையம் ஒன்று கணக்குப் பார்த்து லைசென்ஸ் கொடுக்கிறது. முதல் லைசென்சுக்கு முன் பாதுகாப்பு வகுப்பில் பாஸ் பண்ண வேண்டும். துப்பாக்கி சீசனில் தலை, மார்பு, முதுகு மூன்றிலுமாக 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி தெரிய வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு நிற்கும் என் போட்டோவைப் பார்த்து, "ரோடு போடுற ஆள் மாதிரி இருக்கீங்க" என்றாள் என் மனைவி. சிவில்காரனுக்கு அது பொருத்தம்தானே.

என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் எங்கள் ஆபீஸில் ஒரு பெரியவர். நாற்பது வருஷமாகப் போகிறவர். அவர் துப்பாக்கியில் பெயின்ட் உரிந்த, 4 மடங்கு மட்டுமே காட்டுகிற பழைய ஸ்கோப் ஒன்று இருந்தது. பார்த்தால் பாவமாக இருக்கும். நான் இஞ்சினியர் இல்லையா? புள்ளிவிவரம் பார்த்து, 4 முதல் 12 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுகிற, 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி வைத்த ஸ்கோப்பை வாங்கினேன். மாட்டுகிற வளையங்களோடு 700 கிராமுக்கு மேல். பயிற்சிக் களத்தில் மேஜைமேல் வைத்துச் சுட்டபோது, 100 கஜத்தில் இருந்த அட்டை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. பெரியவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம்.

நவம்பர் கடைசி. மலைச்சரிவில் லாரல் புதர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சரிவைப் பார்ப்பதற்காக ஸ்கோப்பை 12-இல் வைத்திருந்தேன். (அதற்கே பெரியவரிடம் திட்டு வாங்கியிருக்க வேண்டும். ஸ்கோப்பைத் திருப்பும் பக்கமெல்லாம் துப்பாக்கியின் வாயும் திரும்புகிறது. தேடிப் பார்க்கப் பைனாகுலர்தான்.) பொழுது சாய்கிற நேரம் வலப்பக்கம் சருகுச் சத்தம். முப்பத்தைந்து கஜத்தில் மான். துப்பாக்கியைத் தூக்கிக் கண்ணை வைத்தால், வட்டம் முழுக்கப் பழுப்பு மயிர். எது தோள், எது தொடை என்று தெரியவில்லை. திருகிக் குறைக்க நேரமில்லை என்று நினைத்தேன். சுட்டேன்.

மான் துள்ளி ஓடிவிட்டது. பெரியவர் வந்து டார்ச் அடித்துச் சருகில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். அதில் பச்சையாக இரைப்பைத் தீனி கலந்திருந்தது. "வயித்துல பட்டிருக்கு. இப்பப் பின்னாலே போனா ஓடிக்கிட்டேதான் இருக்கும். காலையில பாக்கலாம்" என்றார். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. காலையில் நானூறு கஜம் தள்ளி ஓடைக்கரையில் கிடந்தது. எந்நேரத்துக்குச் செத்ததோ தெரியாது. ஊருக்குப் போன் செய்தபோது அப்பாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் கோழி அறுப்பது அவர்தான். "உனக்கு ஏன்டா இந்த வேலை? செய்யறதுன்னா நோகாம செய்யணும்" என்று சொல்லிவிட்டு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன்னாலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. 12 மடங்கில் அந்த மாதிரி ஸ்கோப்பில் 100 கஜத்தில் தெரியும் அகலம் சுமார் 9 அடி. 35 கஜத்தில் அது 3 அடி. மானோ ஐந்தடி நீளம். 2 மடங்கு என்றால் 100 கஜத்தில் 40 அடிக்கு மேல் தெரியும். மானும் தெரியும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். அந்தக் காட்டில் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் மான் கண்ணில் படும்.

வெளிச்சக் கணக்கும் அப்படித்தான். முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிவட்டத்தின் விட்டம். 50-ஐ 12-ஆல் வகுத்தால் 4 மில்லிமீட்டர் சொச்சம். 33-ஐ 4-ஆல் வகுத்தால் 8. இருட்டில் இளைஞர் கண்மணி விரிவதே 7 மில்லிமீட்டர்தான், வயதானால் அதுவும் குறையும். அப்படியானால் குறைந்த மடங்குக்கு 50 மில்லிமீட்டர் கண்ணாடி எதற்கு? கனத்துக்குத்தான். அது குழாயில் இடிக்காமல் இருக்க உயரமான வளையம் போட வேண்டும். உயரம் ஏறினால் கன்னம் கட்டையில் படியாது. ஒவ்வொரு முறையும் கழுத்தை நீட்டிப் படத்தைத் தேட வேண்டும்.

இப்போது என்னிடம் இருப்பது 2 முதல் 7 மடங்கு, 33 மில்லிமீட்டர், ஓர் அங்குலக் குழாய். கனம் 300 கிராம் சொச்சம். பழைய 2.5 மடங்கு ஸ்கோப்புகள் சில 200 கிராம்கூட வராது. நாள் முழுக்க மலை ஏறுகிறவனுக்கு இந்த வித்தியாசம் சாயங்காலம் தோளில் தெரியும். ஆனால் ஒன்று, துப்பாக்கி இலேசானால் உதை கூடும். அதனால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே மூன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி கிடைக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் புருவத்தில் பிறைநிலா விழும்.

எப்போதும் 2-இலேயே வைத்திருக்கிறேன். தூரத்தில் நிற்கிற மான் திருகிக் கூட்ட நேரம் கொடுக்கும். பக்கத்தில் வந்த மான் குறைக்க நேரம் கொடுக்காது. வயோமிங் சமவெளியில் 300 கஜத்தில் சுடுகிறவர்களுக்கு இது சரிப்படாது, அவர்கள் கணக்கு வேறு.

சர்வே படித்தவர்களுக்கு இன்னொன்று. அமெரிக்காவில் ஸ்கோப்புக்குப் பெயர்போன லூபோல்டு கம்பெனி, 1907-இல் ஒரெகான் மாநிலத்தில் சர்வே கருவிகள் ரிப்பேர் செய்கிற கடையாகத்தான் தொடங்கியது. ஸ்கோப் செய்ய வந்தது 1940-களில். லெவலில் பார்க்கிற பாரலாக்ஸ் ஸ்கோப்பிலும் உண்டு. தலையை இப்படி அப்படி ஆட்டினால் குறுக்குக் கம்பி இலக்கைவிட்டு நகரும். வேட்டை ஸ்கோப்புகளில் பெரும்பாலும் 100 அல்லது 150 கஜத்துக்கு அதைச் சரிசெய்து அனுப்புகிறார்கள். குறைந்த தூரத்தில் இருக்கிற சின்னப் பிழை மானுக்குப் பெரிதல்ல.

அடுத்த வருஷம் போனேன். அறுபது கஜத்தில் ஒரு பெண்மான். வட்டத்துக்குள் முழு மானும் தெரிந்தது, தோளுக்குப் பின்னால் வைக்க வேண்டிய இடமும் தெரிந்தது. ஒரே குண்டு. நின்ற இடத்திலிருந்து பத்தடிக்குள் விழுந்தது. பெரியவர் வந்து பார்த்துவிட்டு, என் ஸ்கோப்பைத் தட்டி, "கொஞ்சம் பெருசுதான்" என்றார். (சிரிப்பு) அப்பாவிடம் இதையும் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

ஸ்கோப்பை இங்கே கொண்டுவர முடியாது. சர்வே லேபில் நாங்கள் திருகித் திருகிக் கெடுத்த பழைய லெவல் இன்னும் இருப்பதாகச் சார் சொன்னார். டீ இடைவேளைக்கு அப்புறம் அங்கேதான் இருப்பேன். பாரலாக்ஸ் பார்க்க விரும்புகிறவர்கள் வாருங்கள்.