மனைக்கு மேலே ட்ரோன்: எடையும் உயரமும் போதுமா?



சட்ட உரை மேடைகளில் அரசமைப்புச் சட்டத்திலிருந்து பேச்சைத் தொடங்குவது வழக்கம். நான் ஒரு கோழிப்பண்ணையிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கிரீன்ஸ்பரோ நகருக்கு அருகே, காஸ்பி குடும்பத்துக்கு மூன்று ஏக்கருக்கும் குறைவான நிலம் இருந்தது. அதில் ஒரு வீடு, கோழிக் கொட்டகைகள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பக்கத்து விமான நிலையத்தில் ராணுவ விமானங்கள் இறங்கத் தொடங்கின. வீட்டுக் கூரைக்கு 67 அடி மேலே, உயரமான மரத்துக்கு வெறும் 18 அடி மேலே அவை பறந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதி மோதிச் செத்தன. ஏறத்தாழ 150 கோழிகள் போனபின் தொழிலையே கைவிட வேண்டியதாயிற்று.

1946-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் தீர்ப்பளித்தது. நிலம் யாருடையதோ, அதற்கு மேலே விண்ணுலகம் வரை அவருடையதே என்ற பழைய கொள்கை விமான யுகத்தில் செல்லாது என்றது. ஆனால் நிலத்தை ஒட்டிய வான்வெளி உரியவர் கையில் இல்லாவிட்டால் அவர் வீடும் கட்ட முடியாது, மரமும் வைக்க முடியாது. அங்கே அரசு விமானமே புகுந்து வாழ்வைக் கெடுத்தாலும் இழப்பீடு உண்டு என்றும் சொன்னது. ஒட்டிய வான்வெளி என்றால் எத்தனை அடி? தீர்ப்பெழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ் எண் எதையும் வகுக்கவில்லை. அன்று முதல் சட்டம் படித்தவர்கள் அந்த எண்ணைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ட்ரோனைப் பொறுத்தவரை அந்தத் தேடலே வீண் என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் வந்த இன்னொரு வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. கிரனாடா தொலைக்காட்சியை நிறுவிய பெர்ன்ஸ்டீன் பிரபுவின் கென்ட் பண்ணை வீட்டை ஒரு நிறுவனம் விமானத்திலிருந்து படம் எடுத்து, அவரிடமே விற்க முன்வந்தது. ஊரையெல்லாம் படம் பிடித்துக் காட்டியவருக்குத் தன் வீட்டைப் பிடித்ததும் கோபம் வந்துவிட்டதே என்று சிரிக்கலாம். வழக்கில் அவர் தோற்றார். ஒருமுறை உயரே பறந்து படம் எடுத்தது அத்துமீறல் ஆகாது என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. ஆனால் நீதிபதி கிரிஃபித்ஸ் கூடவே ஒன்று சொன்னார். ஒருவரின் வீட்டை வானிலிருந்து ஓயாமல் கண்காணித்து, அவருடைய ஒவ்வொரு நடமாட்டத்தையும் படம் எடுத்தால் அது வழக்குத் தொடரத்தக்க தொல்லையாகலாம் என்றார். ட்ரோனைக் கனவிலும் காணாத காலத்தில் ட்ரோனுக்காகவே சொன்னது போலிருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம் 17-ஆம் பிரிவில், நியாயமான உயரத்தில் விமானம் பறந்தது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் சிவில் வழக்குப் போட முடியாது என்று கதவை அடைத்தது. அதன் இடத்தில் வந்த 2024-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பாதுகாப்பைத் தொடர்கிறது. தலைக்கு மேலே விர்ரென்று போய்விடும் பயணிகள் விமானத்துக்கு இது சரி. மாடிக்கு நேர் மேலே பத்து நிமிடம் நின்று பார்க்கும் கேமராவுக்கும் இது பொருந்துமா?

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்து வகை பிரிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ என்று போகிறது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். எடைக் கணக்கு யார் தலையிலாவது விழுந்தால் என்னாகும் என்பதற்கு. உயரக் கணக்கு விமானத்தில் மோதாமல் இருப்பதற்கு. இரண்டும் வேண்டியவைதான். ஆனால் கீழே குடியிருப்பவரின் குறை இரண்டிலும் அடங்கவில்லை. 249 கிராம் எடையில், அருமையான கேமராவோடு ட்ரோன் செய்கிறார்கள். அதைச் சொந்த உபயோகத்துக்கு ஓட்டுகிறவருக்கு விமானிச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. அதே ஆண்டு மார்ச்சில் வந்த முந்தைய விதிகளில், படம் எடுப்பவர் பிறர் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்ற வரி இருந்தது. படிவங்களை 25-இலிருந்து 5 ஆகக் குறைத்த அவசரத்தில் அந்த வரியும் போயிற்று.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கிராமங்களில் பல வீடுகளில் இன்றும் குளிக்கும் இடம் கொல்லைப்புறத்தில்தான். நாலு பக்கமும் கீற்றுத் தட்டி, மேலே திறந்த வானம். மதிலும் தட்டியும் தெருவில் போகிறவரின் கண்ணுக்காக வைத்தவை. மேலிருந்து ஒரு கண் வரும் என்று எந்தக் கொத்தனாரும் கணக்குப் போட்டதில்லை. குளிக்கும் பெண்ணைப் படம் பிடித்தால் பாரதிய நியாய சன்ஹிதையின் 77-ஆம் பிரிவு இருக்கிறது. பங்காளித் தகராறில் நாள்தோறும் எதிர்வீட்டு முற்றத்தை மேலிருந்து நோட்டம் பார்க்கிறவருக்கு என்ன பிரிவு? மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஓரிடத்தை, ட்ரோன் பறக்கத் தடையுள்ள தற்காலிகச் சிவப்பு மண்டலமாக 96 மணி நேரம் வரை அறிவிக்கலாம். தலைவர்கள் வருகைக்கு அது பயன்படுகிறது. குடிமகனின் கொல்லைப்புறத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

கலிஃபோர்னியா 2015-இல் இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தது. தனியார் நிலத்துக்கு மேலே 350 அடிக்குக் கீழ் அனுமதியின்றிப் பறந்தாலே அத்துமீறல் என்ற மசோதாவை ஆளுநர் ஜெர்ரி பிரவுன் செப்டம்பரில் திருப்பி அனுப்பினார். அனுமதியின்றி நிலத்தின் வான்வெளியில் நுழைந்து ஒருவரின் தனி வாழ்வைப் படமோ ஒலியோ பிடித்தால் சிவில் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்கலாம் என்ற மசோதாவில் அடுத்த மாதமே கையெழுத்திட்டார். இரண்டாவதே சரியான வழி. மருந்து தெளிக்கும் ட்ரோன் பயிருக்குச் சில அடி மேலேதான் பறந்தாக வேண்டும். உயரத்தை வைத்துத் தடுத்தால் முதலில் அடிபடுகிறவர் விவசாயி. ட்ரோன் அங்கே நின்று என்ன செய்தது என்பதைத்தான் சட்டம் கேட்க வேண்டும்.

கேட்பதற்கும் ஆள் தெரிய வேண்டுமே! ஒவ்வொரு ட்ரோனுக்கும் தனி அடையாள எண் உண்டு. அது அரசின் பதிவுத் தளத்தில் கிடக்கிறது. கீழே நிற்பவருக்கு அதைப் படிக்க வழியில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான ட்ரோன்கள் பறக்கும்போதே தம் அடையாளத்தை ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துவிட்டது. நம் விதிகளிலும் நிகழ்நேரத் தடங்காட்டியைப் பின்னர் கட்டாயமாக்க இடம் வைத்திருக்கிறார்கள். அதை உடனே கட்டாயமாக்க வேண்டும். எண்ணோடு புகார் வந்தால் உரிமையாளர் யாரென்று உள்ளூர்க் காவல் நிலையம் கண்டறியவும் வழி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஆத்திரத்தில் யாராவது கல்லெறிந்து ட்ரோனை உடைப்பார். சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு அவர்மேலேயே பாயும்.

சட்டம் பயிலும் மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவிலோ ஊரிலோ யாருக்காவது இப்படி ஒரு தொல்லை நேர்ந்தால், நாள், நேரம், ட்ரோன் நின்ற இடம் ஆகியவற்றைக் குறித்து மனு எழுதித் தாருங்கள். காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, மனு ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள்.