அடியைப் பேணுக
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியனாகிய யான் மருத்துவம் பேசப் புகுந்தது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். மருத்துவர் தொழிலை யான் மேற்கொள்ள வரவில்லை. நீரிழிவு நோயர் உள்ள இல்லத்தில் உறவினர் செய்ய வேண்டுவதை, எம் குடும்பத்தார் செய்யத் தவறியதை, எடுத்துரைக்கவே வந்தேன்.

என் சிறிய தந்தையார் பல்லாண்டாக நீரிழிவு உடையவர். சென்ற ஆண்டு சம்பா நடவின்போது வயலில் இறங்கினார். நத்தை ஓடு ஒன்று உள்ளங்காலைக் கிழித்தது. அவர் அதனை உணர்ந்திலர். திண்ணையில் குருதிக் கறை கண்டு பேத்தி வினவியபோது, "வலியே இல்லையம்மா, ஒன்றுமில்லை" என்றார். யாங்களும் அதனை நம்பி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றிட்டு வாளா இருந்தோம். பத்தாம் நாள் பாதம் கறுத்தது, காய்ச்சல் கண்டது. மருத்துவமனையிற் சேர்த்தபோது, உயிரைக் காக்கும்பொருட்டு முழங்காலுக்குக் கீழே காலை நீக்க வேண்டியதாயிற்று. ஐம்பது ஆண்டு வரப்பில் நடந்த கால் அது. பற்றிட்ட கை என்னுடையது.

"வலியே இல்லை" என்ற அச்சொல்லில்தான் இந்நோயின் வஞ்சகம் உள்ளது. இரத்தத்திற் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்து நின்றால், கால் நரம்புகள் நலிந்து உணர்ச்சி குன்றும். இரத்தக் குழாய்கள் குறுகும். கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் தளரும். வலி என்பது உடலின் காவற்காரன். அவன் உறங்கிவிட்ட வீட்டிற் கள்வன் புகுந்தால் அறிவிப்பார் யார்?

இவ்வுண்மையை விளக்கிய பெரும்பணி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயரின் கால்களை ஆராய்ந்த அவர், உணர்ச்சியற்ற காலிற்படும் காயமும் ஓயாத அழுத்தமும் கவனிப்பாரற்றுப் போவதாலேயே பெரும்பாலான புண்கள் பெருகுகின்றன என்று தெளிந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, நீரிழிவு நோயரின் கால்களிலும் அதே நிலையைக் கண்டார். அன்று தொழுநோயர்க்குப் பயன்பட்ட மென்ரப்பர்ச் செருப்பே இன்று நீரிழிவு உடையோர்க்கும் பரிந்துரைக்கப்படுகின்றது.

நிற்க. நாம் செய்ய வேண்டுவன யாவை? நாள்தோறும் இரவில் இரு பாதங்களையும், விரலிடுக்குகளையும், உள்ளங்காலையும் நல்ல வெளிச்சத்திற் பார்க்க வேண்டும். கண் மங்கியவர்க்கு வீட்டார் பார்த்தல் கடமை. கால்களைக் கழுவி, விரலிடுக்கின் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்தால் சேற்றுப்புண் அணுகாது. தோல் வெடிக்காதிருக்கத் தேங்காயெண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் மட்டும் வேண்டா. நகத்தை நேராக வெட்டுக. காலாணியைப் பிளேடு கொண்டு செதுக்காதீர். வீட்டினுள்ளும் செருப்பின்றி நடவாதீர். அணியுமுன் அதனை உதறிப் பார்ப்பீர். கோயிற் பிராகாரத்தின் கருங்கல் நண்பகலில் உணர்ச்சியற்ற பாதத்தைச் சுட்டுக் கொப்புளமாக்கும். ஆதலின் வைகறையிலோ அந்தியிலோ வழிபடச் செல்க. உணர்ச்சி குன்றியவர் சேற்றில் இறங்காது வரப்பில் நின்று மேற்பார்வை செய்வதே நன்று. புகையிலையை அறவே விடுக.

புண் கண்டால், தூய நீராற் கழுவி, தூய துணியால் மூடி, அக்காலை ஊன்றாமல் அன்றே மருத்துவரிடம் செல்க. சாணம், சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் இவற்றை இடாதீர். வெந்நீர் ஒற்றடமும் கொடாதீர். சிவத்தல், வீங்குதல், வெம்மை, சீழ், நாற்றம், கறுத்தல், காய்ச்சல் இவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு பொழுதும் தாழ்த்தலாகாது. மருத்துவர் சீழையும் அழுகிய தசையையும் நீக்குவர், கிருமிக்கொல்லி மருந்தளிப்பர், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவர், இரத்தவோட்டத்தைச் சோதிப்பர், புண்ணின்மேற் பாரம் விழாமற் காப்பர். காலத்தே சென்றால் விரலோடு போவது, காலம் தாழ்த்தினால் காலோடு போகும், உயிரையும் கொண்டுபோகும். புண் இல்லாதவரும் ஆண்டிற்கு ஒரு முறையேனும் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்வது முறை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இந்நோய் எட்டிப்பாராத வீடு அரிது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொணர்கின்றது. ஆயினும் நம் வீட்டுப் பெரியவரின் பாதத்தை நாள்தோறும் குனிந்து பார்ப்பது அரசின் வேலை அன்று. அது நம் வேலை.

இளைஞர்களே! திருமணத்திலும் திருநாளிலும் பெரியோர் அடி தொட்டு வணங்குகின்றீர். இன்றிரவு வீடு சென்றதும் அவ்வடியைத் திருப்பி உள்ளங்காலையும் பாருங்கள். "வலியில்லை" என்று அவர் கூறினும் பாருங்கள். அவ்வாறு கூறினால் இன்னும் நன்றாகப் பாருங்கள். எம் வீட்டில் நேர்ந்தது உங்கள் வீட்டில் நேரலாகாது என்பதே என் விண்ணப்பம்.