புகாரா தந்த இமாம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் தமிழராகிய நாம் பல சமயத்தினர். அண்டை வீட்டார் போற்றும் பெரியாரை அறியாதிருத்தல் நமக்கு அழகன்று. ஆதலின் இமாம் புகாரி அவர்களைப் பற்றிப் பேச விழைகின்றேன்.

மத்திய ஆசியாவின் புகாரா நகரில் கி.பி. 810இல் பிறந்த அவரது இயற்பெயர் முகம்மது. தந்தையை இளமையிலேயே இழந்தார், தாய் வளர்த்தார். பதினாறாம் வயதளவில் தாயுடனும் தமையனுடனும் மக்கா சென்றவர், கல்வியின் பொருட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

நபிகள் நாயகம் 632இல் மறைந்தார்கள். அவர்கள் சொன்னவையும் செய்தவையும் பெரும்பாலும் வாய்வழியே பரவின. இடையில் மறந்தாரும் உண்டு. வேண்டுமென்றே புனைந்தாரும் உண்டு. இன்னார் இன்னாரிடம் கேட்டார் என்னும் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகச் சோதித்தார் இமாம். சொன்னவர் நல்லவர் என்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. நினைவாற்றல் வேண்டும், தமக்கு உரைத்தவரை நேரில் சந்தித்திருக்கவும் வேண்டும். ஆறு இலட்சம் அறிவிப்புகளினின்று பதினாறு ஆண்டு உழைத்துத் தேர்ந்தவை, மீண்டும் மீண்டும் வருவனவற்றையும் கூட்டி, 7,000க்குச் சற்று மேல்! அதுவே 'ஸஹீஹுல் புகாரி'.

பாக்தாத் அறிஞர்கள் அவரைச் சோதித்த வரலாறு சுவையானது. நூறு நபிமொழிகளை எடுத்து, ஒன்றன் சங்கிலியை மற்றொன்றில் பிணைத்து, பத்துப் பேர் பத்துப் பத்தாகக் கேட்டனராம். ஒவ்வொன்றுக்கும் "நான் அறியேன்" என்றே விடை பகர்ந்தார். கேட்டோர் நகைத்திருப்பர்! முடிவில், அவர்கள் உரைத்த பிழையான வடிவத்தை வரிசை பிறழாது கூறி, நூற்றையும் திருத்திக் கொடுத்தார்.

முதுமையில் புகாரா திரும்பினார். அரண்மனைக்கு வந்து தம் மக்களுக்குப் பாடம் சொல்லுமாறு ஆளுநர் பணித்தார். கல்வியை ஆள்வோர் வாயிலுக்குச் சுமந்து செல்ல இமாம் இசையவில்லை. ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்.

இது நமக்குப் புதிய கதையா? நெய்யாற்றின்கரை ஈன்ற இராமகிருஷ்ண பிள்ளை, 'சுதேசாபிமானி'யில் அரசைக் கண்டித்தமைக்காக 1910இல் திருவிதாங்கூரினின்று நாடு கடத்தப்பட்டார். அவ்விதழை நிறுவிய வக்கம் அப்துல் காதர் மௌலவி, அரபு கற்ற மார்க்க அறிஞர், அச்சகத்தை இழந்தார்.

இமாம் 870இல் சமர்கந்துக்கு அருகே கர்தங்க் என்னும் சிற்றூரில் காலமானார். அவர் நூல் இன்று தமிழிலும் கிடைக்கின்றது. அரபு அறியாதாரும் படிக்கலாம்.