விழுந்த கோபுரமும் என் கணக்கும்

ராஜகீழ்ப்பாக்கத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு நியாயத்தீர்ப்பு பத்திப் பேசலாம். பயமுறுத்த இல்ல, ஒரு கேள்வி கேட்க.

2014 ஜூன் 28, சனிக்கிழமை. நான் பிளஸ் டூ முடிச்சிட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்காகக் காத்திருந்த நேரம். போரூர் பக்கத்துல மவுலிவாக்கத்தில், கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்துல அப்படியே சரிஞ்சது. 61 பேர் இறந்துபோனாங்க. நிறைய பேர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலி வேலைக்கு வந்தவங்க. இடி தாக்கியிருக்கலாம்னு கட்டினவங்க தரப்புல சொன்னாங்க. அந்த வாரம் எங்க ஜெபக்கூட்டத்துல ஒரு ஆன்ட்டி, "யார் செஞ்ச பாவமோ"ன்னு பெருமூச்சு விட்டாங்க.

லூக்கா 13-ல கிட்டத்தட்ட இதே செய்தி இருக்கு. சீலோவாமில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் இறக்கிறார்கள். எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார். பதிலையும் அவரே சொல்கிறார்: இல்லை. ஆனா அதோட விடல. நீங்கள் மனந்திரும்பாவிட்டால் உங்களுக்கும் அழிவுதான் என்கிறார். செத்தவங்க பாவத்தை எண்ணிட்டிருந்த கூட்டத்தை அவங்கவங்க பக்கம் திருப்பி விடுறார்.

கவனிங்க, ரெண்டு தப்பு இருக்கு. ஒண்ணு, செத்தவங்க மேல பழி போடுறது. இன்னொண்ணு, வானத்து மேல பழி போடுறது. ரெண்டுலயும் "நான்" தப்பிச்சிடுறேன். மவுலிவாக்கத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைச்சாங்க. என் விஷயத்துக்கு ஆணையம் எதுவும் வரல.

போன வருஷம் ஒரு ரிலீஸ். கோட் எழுதினது வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசமான ஒரு பையன். ரிவ்யூ பண்ண வேண்டியது நான். ராத்திரி பதினொரு மணி, தூக்கம். படிக்காமலே அப்ரூவ் அழுத்திட்டேன். காலையில சிஸ்டம் படுத்துடுச்சு. மீட்டிங்ல அவனைத்தான் கேள்வி மேல கேள்வி கேட்டாங்க. நான் மைக்கை மியூட்ல போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுதினவன் பேருக்குக் கீழேயே அப்ரூவ் பண்ணவன் பேரும் இருக்கும். யாரும் அதுவரைக்கும் ஸ்க்ரோல் பண்ணல.

"இயேசு என் பாவத்தைச் சுமந்துட்டாரே, அப்புறம் எனக்கு என்ன கணக்கு?"ன்னு நாம கேட்கிறோம். கிறிஸ்துவுக்குள் இருப்பவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று ரோமர் 8-ல் எழுதிய அதே பவுல்தான், ஒவ்வொருவரும் தேவனுக்குத் தன் கணக்கை ஒப்புவிக்க வேண்டும் என்று ரோமர் 14-லும் எழுதுகிறார். ரெண்டு கடிதம் இல்ல, ஒரே கடிதம். மன்னிப்பு கணக்குப் புத்தகத்தைக் கிழிச்சுப் போடுறதுக்கு இல்ல. பயமில்லாம அதைத் திறக்கிறதுக்கு.

மூணு வாரம் கழிச்சு அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி, தப்பு என் மேலயும் இருக்குன்னு சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான்: "தெரியும்ண்ணா. உங்க பேரை அன்னைக்கே பார்த்துட்டேன். மீட்டிங்ல நீங்களே சொல்வீங்கன்னு நினைச்சேன்."

எனக்கு அதுதான் நியாயத்தீர்ப்பு மாதிரி இருந்துச்சு. அன்னைக்கே மேனேஜருக்கு மெயில் போட்டேன். ஆனா அவனோட ரேட்டிங் அதுக்குள்ள முடிஞ்சிருந்தது, மாறல. மனந்திரும்பினா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல என்கிட்ட சாட்சி இல்ல.

சீலோவாமுக்கு அடுத்து இயேசு சொல்றது, மூணு வருஷமா காய்க்காத அத்திமரத்தோட உவமை. வெட்டிப்போடுன்னு எஜமான் சொல்றார். இந்த ஒரு வருஷம் விடுங்க, கொத்தி எருப்போடுறேன்னு தோட்டக்காரன் கெஞ்சுறான். அந்த ஒரு வருஷத்துலதான் நாம இப்ப இருக்கோம்.

இந்த வாரம் நீங்க எந்த மீட்டிங்ல மியூட்ல இருந்தீங்க? ஆபீஸா இருக்கலாம், வீடா இருக்கலாம், சபையா இருக்கலாம். ஒரு போன் பண்ணுங்க, நான் மாதிரி மூணு வாரம் ஆக்காதீங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். கர்த்தர் உங்களோடு இருப்பாராக.