ஆடுகளமும் தாய்மொழியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நெல்லிவாசல்நாட்டில் நடைபெறும் இவ்விழாவில் குறிஞ்சித் திணையைப் பற்றிப் பேசினால் பொருத்தமாக இருக்கும் என்று நண்பர் ஒருவர் அறிவுரை கூறினார். மலையேறும் போதெல்லாம் குறிஞ்சியைச் சுமந்துகொண்டு வருவது எங்களைப் போன்ற தமிழாசிரியர்களின் வழக்கம். இம்முறை அந்தச் சுமையைக் கீழேயே இறக்கி வைத்துவிட்டேன். விளையாட்டு வீரர் ஒருவர் வென்ற களைப்போடு ஒலிவாங்கியின் முன் வந்து நிற்கும்போது எந்த மொழியில் பேசுகிறார், எந்த மொழியில் பேசுமாறு நாம் அவரை எதிர்பார்க்கிறோம் என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் நிகழ்ந்த ஒன்றை உங்களில் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன் அந்தச் சுற்றுப்பயணத்திற்கு வலைப்பயிற்சியில் பந்து வீசுபவராகத்தான் சென்றார். திரும்பி வரும்போது ஒருநாள் ஆட்டம், இருபது ஓவர் ஆட்டம், டெஸ்ட் ஆகிய மூன்றிலும் இந்தியாவுக்காக ஆடியவராக வந்தார். ஒரே பயணத்தில் இம்மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவரே. இருபது ஓவர் தொடரின்போது வருணனையாளர் முரளி கார்த்திக் அவரிடம் தமிழிலேயே வினவினார். நடராஜன் தமிழிலேயே விடையிறுத்தார். அன்று நம் வீடுகளில் எழுந்த ஆரவாரம் விக்கெட்டுக்காக எழுந்ததைவிடக் குறைவானதன்று.

அந்த ஆரவாரத்தில் எனக்கும் பங்குண்டு. ஆயினும், தமிழ் அங்கே ஒலித்தது என்ற பெருமிதத்தோடு நின்றுவிட்டால் அந்நிகழ்ச்சியின் உட்பொருளை நாம் தவறவிட்டவர்களாவோம். நடராஜனின் தாயார் சாலையோரத்தில் கோழி இறைச்சி விற்றவர். நடராஜனோ டென்னிஸ் பந்தில் ஆடி ஆடி யார்க்கரைக் கைவரப் பெற்றவர். மட்டையாளரின் காலடியில் பந்தை இறக்கும் அந்த நுட்பத்தை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஊர்த் திடலில் தமிழில் கற்றார். தமிழில் கற்ற ஒன்றைத் தமிழில் கேட்டால்தான் அது முழுமையாக வெளிவரும். 2017இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. அங்கே மொழி தமக்குத் தடையாக இருந்ததை அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அடுத்த ஆண்டு ஐதராபாத் அணிக்கு வந்தபோது பந்துவீச்சுப் பயிற்சியாளராக முத்தையா முரளிதரன் இருந்தார். கண்டியில் பிறந்த மலையகத் தமிழர் அவர். டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய அம்மனிதரோடு தன் ஐயங்களைத் தமிழிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளும் வாய்ப்பு அங்கே நடராஜனுக்குக் கிடைத்தது.

அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பேச நேரும் வீரர் நமக்கு என்ன தருகிறார்? மிக்க மகிழ்ச்சி, அணியினர்க்கு நன்றி, இறைவனுக்கு நன்றி, அடுத்த ஆட்டத்திலும் முயல்வேன். இந்த நான்கு தொடர்களை எத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம்! அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று கருதிவிடுகிறோம். உண்மையில் இழப்பு அவருக்கன்று, கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கே.

இழப்போடு இழிவும் சேர்ந்த நிகழ்ச்சி ஒன்று 2018இல் நடந்தது. அசாம் மாநிலம் திங் என்னும் ஊரைச் சேர்ந்த உழவர் மகள் ஹிமா தாஸ், பின்லாந்து நாட்டின் தாம்பரே நகரில் இருபது வயதிற்குட்பட்டோர்க்கான உலகத் தடகளப் போட்டியில் கலந்துகொண்டார். அரையிறுதியில் வென்றபின் செய்தியாளரிடம் அவர் ஆங்கிலத்தில் பேசிய காட்சியை இந்தியத் தடகளக் கூட்டமைப்பே வெளியிட்டது. ஆங்கிலத்தில் அவ்வளவு சரளமில்லை, ஆனாலும் அதிலும் முயன்றார் என்ற பொருள்பட ஒரு குறிப்பையும் அதனோடு சேர்த்தது. கண்டனம் எழுந்தபின் கூட்டமைப்பு வருத்தம் தெரிவித்தது. ஜூலை 12ஆம் நாள் ஹிமா 400 மீட்டரை 51.46 நொடியில் ஓடித் தங்கம் வென்றார். உலக அளவிலான தடகளப் போட்டியின் ஓட்டப் பிரிவில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அது. அக்குறிப்பை எழுதியவர் தீய எண்ணத்தோடு எழுதினார் என்று நான் கருதவில்லை. பாராட்டுவதாகவே எண்ணியிருப்பார். அதுதான் நம்மை அச்சுறுத்த வேண்டியது.

பிறநாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. அமெரிக்கப் பெண்கள் கோல்ஃப் சங்கம், ஆங்கிலத் தேர்வில் தேறாத வீராங்கனையரை இடைநீக்கம் செய்யும் விதியொன்றைக் கொணரப்போவதாக 2008 ஆகஸ்டில் அறிவித்தது. அப்போது அங்கே ஆடியவர்களுள் 45 பேர் தென்கொரியர். எதிர்ப்பு வலுக்கவே அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே நாட்டின் பேஸ்பால் அமைப்போ, ஒவ்வோர் அணியும் ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2016இல் ஏற்பாடு செய்தது. கால்பந்தாட்ட வீரர் மெஸ்ஸி 2023இல் மயாமிக்கு ஆடச் சென்றபின்னும் ஸ்பானிய மொழியிலேயே பேட்டியளித்து வருகிறார். அவர் பேச்சைப் புரிந்துகொள்வது கேட்பவர் பொறுப்பு என்று உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. மெஸ்ஸிக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, முதற்பதக்கம் வென்று நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் உரியதுதானே?

நிற்க. ஆங்கிலமே வேண்டா என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டா. ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டியவரும், ஊக்கமருந்து விதிகளைப் படித்தறிய வேண்டியவரும் அவ்வீரரே. எந்த மருந்தை உட்கொள்ளலாம், எதை உட்கொள்ளலாகாது என்பதை அறியாமல் வாழ்வையே இழக்க நேரலாம். ஆகவே ஆங்கிலம் கற்கட்டும். தற்காப்புக்காகக் கற்பது வேறு. நம் முன்னே தேர்வெழுதிக் காட்டுவதற்காகக் கற்பது வேறு. இரவிச்சந்திரன் அசுவின் ஆங்கிலத்தில் தடையின்றிப் பேசவல்லவர். எனினும், பந்துவீச்சின் நுணுக்கங்களைத் தம் யூடியூப் ஒளிபரப்புகளில் வீட்டுத் தமிழில் விரித்துரைத்து வந்திருக்கிறார். ஆங்கிலச் சொற்கள் அதில் நிரம்பக் கலந்திருக்கும்தான். யார்க்கருக்கு நல்ல தமிழ்ச்சொல் கண்டுபிடித்துவிட்டு வா என்று அவரை வாயிலில் நிறுத்திவைத்தால் உள்ளே இருக்கும் பொருளும் வாராது.

சடுகுடு என்னும் கபடியை நினைத்துப் பாருங்கள். பாடிச் செல்பவர் எதிரணியின் எல்லைக்குள் ஒலியை விடாமல் மூச்சடக்கிச் செல்ல வேண்டும். நாவு நின்றால் ஆட்டம் போயிற்று. நாட்டுப்புறத்தில் அதற்கென்று பாட்டுகளே இருந்தன. இன்றைய போட்டிகளில் பாட்டு சுருங்கி, கபடி என்ற ஒரு சொல்லாகி, 30 நொடி வரையறைக்குள் அடங்கிவிட்டது. பேச்சே விதியாக அமைந்த இவ்வாட்டத்தில் 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றது. துணைத்தலைவி சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா. நகரின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட எளிய மக்களைக் குடியமர்த்திய பகுதி அது. அவ்வூர்ப் பெயரைச் சொல்லவே பலர் தயங்கியதுண்டு. கார்த்திகாவோ அப்பெயரைத் தம் பெயரின் முன்னே வைத்துக்கொண்டு, தம் தெருவின் சென்னைத் தமிழில் பேட்டிகள் அளித்தார். இலக்கணம் படித்த செவிக்கு அது உறுத்தியிருக்கலாம். என் செவிக்கு முதலில் உறுத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதை ஒப்புக்கொள்ளும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், மலையடிவாரப் பள்ளியொன்றின் விளையாட்டு விழாவிற்குச் சிறப்பு விருந்தினராகச் சென்றிருந்தேன். 1500 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன் மலையிலிருந்து வந்து படித்த சிறுவன். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. எப்படி ஓடினாய் என்று கேட்டேன். அவன் சொல்லத் தொடங்கினான். வீட்டிலிருந்து இறக்கத்தில் ஓடும்போது குதிகாலை ஊன்றினால் முழங்கால் வாங்கிக்கொள்ளும் என்றும், அதனால் முன்பாதத்தாலேயே தொட்டுத் தொட்டு இறங்கப் பழகியதாகவும், சமதரையில் ஓடுவது அவனுக்கு... அவ்வளவில் முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் பேசியது மலைத் தமிழ். நான் குறுக்கிட்டு, "நல்ல தமிழில் சொல்லப்பா" என்றேன். அவன் ஒரு கணம் நின்றான். பிறகு, "மிக்க மகிழ்ச்சி. ஆசிரியர்களுக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினான். நான் கைதட்டினேன்.

ஹிமாவைப் பற்றிய அந்தக் குறிப்பைப் படித்து 2018இல் நான் வெகுண்டெழுந்தபோதுதான் இச்சிறுவன் நினைவுக்கு வந்தான். தமிழை ஆங்கிலம் தாழ்த்துவதைக் கண்டு கொதிக்கும் நாம், மலைத் தமிழின் முன்னும் சேரித் தமிழின் முன்னும் அதே ஆங்கிலமாக நின்றுகொண்டிருக்கிறோம். அவனை அன்று வாய்மூடச் செய்தது ஆங்கிலமன்று. முனைவர் பட்டம் பெற்ற ஒரு தமிழாசிரியை. சமதரையில் ஓடுவது அவனுக்கு எப்படி இருந்தது என்பதை நான் இன்றுவரை அறியேன். அவன் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

இந்த வட்டத்தின் செயற்குழுவிடம் ஒரு விண்ணப்பம் அளித்திருக்கிறேன். நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய மூன்று நாடுகளிலும் ஓடுகின்ற, ஆடுகின்ற பிள்ளைகளை அவரவர் ஊரிலேயே அமரவைத்து, அவர்கள் ஆட்டத்தைப் பற்றி அவர்கள் மொழியிலேயே சொல்லச் செய்து ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்பதே அது. செலவில் ஒரு பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். எழுத்தில் பெயர்க்கும் பணியை இம்மலையில் பிறந்த கவிஞர்களிடமே ஒப்படையுங்கள். திருத்தும் பணியை மட்டும் என்னிடம் தர வேண்டா.