நேர்முக அழைப்புக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்

(குஜிலியம்பாறையில் நடந்த ஆதரவாளர் கூடுகையில், எங்கள் மருத்துவமனையின் மனநல ஆலோசனைப் பிரிவு சார்பில் அளிக்கப்பட்ட உரை)



வழக்கமாக இப்படிப்பட்ட கூடுகைகளில் எத்தனை பேருக்கு அறுவை சிகிச்சை நடந்தது, எந்தக் கருவி வாங்கப்பட்டது என்று உங்களுக்குக் கணக்குச் சொல்லுவோம். இன்று வேறொரு காரியத்தைக் குறித்துப் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். சென்ற கூடுகை முடிந்ததும் ஒரு தகப்பனார் எங்களிடம் வந்து, "ஐயா, எங்க மக மனோதத்துவம் எம்.எஸ்சி. முடிச்சிட்டு டாக்டர் பட்டத்துக்கு எழுதிப் போட்டிருக்கா. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவாங்களான்னு மாசக்கணக்கா போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இன்று உங்கள் எல்லாருக்கும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, இது என்ன படிப்பு?

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதன் மேல் மனநல மருத்துவம் படித்தவர். அவர் மருந்து எழுதித் தருவார். மருத்துவ மனோதத்துவர் என்பவர் மருந்து தருகிறவர் அல்ல. மனோதத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, அதன் பின் நோயாளிகளிடையே மேற்பார்வையுடன் பயிற்சி பெற்றவர். பிள்ளையின் அறிவுத்திறனைச் சோதித்து அளவிடுவது, பயத்திலும் துக்கத்திலும் அகப்பட்டவர்களோடு வாரந்தோறும் பேசி அவர்களை மீட்பது, குடும்பத்தாரை உட்காரவைத்து நோயை விளக்குவது எல்லாம் அவர் வேலை. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இவருக்குத் தனி இடம் உண்டு. இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தால்தான் அவர் இந்தத் தொழிலைச் செய்யலாம்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-ல் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் ஜி. டி. போவாஸ் அவர்களின் தலைமையில் மனோதத்துவத் துறை உண்டாயிற்று. மருத்துவமனைப் பயிற்சிக்கென்று பெங்களூரில் 1954-ல் ஏற்பட்ட அகில இந்திய மனநல நிறுவனம்தான், 1974-ல் அங்கிருந்த மனநல மருத்துவமனையோடு இணைந்து இன்றைய நிம்ஹான்ஸ் ஆயிற்று. நெடுங்காலமாக இரண்டு ஆண்டு எம்.ஃபில். பயிற்சியே இத்தொழிலுக்கு வாசலாக இருந்தது. 2022-ல் யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்திவிட்டு, மருத்துவ மனோதத்துவத்துக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. சைக்.டி. என்னும் முனைவர் நிலைப் பயிற்சியையும் மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்திருக்கிறது. ஆகவே முன்பு எம்.ஃபில்.லுக்கு விண்ணப்பித்த பிள்ளைகளில் பலர் இப்போது முனைவர் படிப்பின் வாசலில் நிற்கிறார்கள்.

இதனால் நமக்கு என்ன என்று கேட்பீர்களானால், நம் பகுதியையே பாருங்கள். எரியோடு, கோவிலூர், பாளையம் பக்கங்களிலிருந்து எங்கள் முகாம்களுக்கு வரும் தாய்மாரில் சிலர், "பிள்ளைக்கு ஒன்பது வயசாச்சு, எழுத்து ஏறல" என்று அழைத்து வருகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு உதவித்தொகையோ சலுகையோ கிடைக்க வேண்டுமானால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். அதற்கு அறிவுத்திறன் சோதனை வேண்டும். சோதனை செய்ய ஆள் இருக்கும் நாள் பார்த்துத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏற வேண்டும். ஒரு நாள் காட்டு வேலைக் கூலி போய்விடும். அன்றைக்கு முடியவில்லையென்றால் இன்னொரு நாள் கூலியும் போகும். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் இரவு முறை பார்த்துத் தூக்கம் கெட்டுப்போன பெண்கள், குடியால் குடும்பத்தை இழந்த ஆண்கள், மழை பொய்த்த வருஷத்தில் பேச்சை நிறுத்திக்கொண்ட பெரியவர்கள், இவர்களுக்கெல்லாம் மாத்திரை மட்டும் போதாது.

நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அப்போது ஏதோ ஒரு மனநலக் குறையோடு இருந்தார்கள். சிகிச்சை தேவைப்பட்டும் பெறாதவர்கள், நோய்க்கு நோய் வேறுபட்டு, நூற்றுக்கு 70 முதல் 92 வரை இருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6-ந்தேதி ஏர்வாடியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் தீயில் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்கள் எல்லாம் கல்நெஞ்சக் குடும்பங்கள் அல்ல. ஊருக்குப் பக்கத்தில் கேட்டுச் சொல்ல ஆள் இல்லாத குடும்பங்கள் அவற்றில் எத்தனையோ. ஆகையால், அழைப்புக்காக ஒரு பிள்ளை காத்திருக்கும்போது, அந்தப் பிள்ளைக்காக இந்தக் கிராமங்களும் காத்திருக்கின்றன.

இரண்டாவது, அழைப்பு ஏன் இவ்வளவு அரிதாயிருக்கிறது?

"நல்லாப் படிக்கிற பிள்ளைதானே, ஏன் கூப்பிடல?" என்று உறவினர் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். யு.ஜி.சி.யின் 2022-ம் ஆண்டு விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 முனைவர் மாணவர்களுக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் வழிகாட்டக்கூடாது. ஒரு துறையில் ஒரு பேராசிரியர், ஒரு இணைப் பேராசிரியர், இரண்டு உதவிப் பேராசிரியர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 22 இடம். முனைவர் படிப்பு குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு. சராசரியாக 5 ஆண்டு என்றால், ஒரு வருஷத்தில் காலியாவது நாலைந்து இடம்தான். அதில் குழந்தைகள் மனநலம் ஒருவருக்கு, முதியோர் மனநலம் ஒருவருக்கு என்று ஆய்வுப் பொருளும் பிரிந்திருக்கும். உங்கள் பிள்ளை எழுதிக் கொடுத்த பொருளுக்கு வழிகாட்டுகிறவரிடம் அந்த வருஷம் இடம் இல்லையென்றால், எத்தனை மதிப்பெண் இருந்தும் பயனில்லை.

தேர்வு முறையும் மாறியிருக்கிறது. 2024 முதல் நெட் தேர்வையே முனைவர் சேர்க்கைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று யு.ஜி.சி. அறிவித்தது. உதவித்தொகைத் தகுதி பெறாதவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 பங்கு, நேர்முகத்துக்கு 30 பங்கு. அந்த மதிப்பெண் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். அந்த வருஷத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் மறுபடியும் பரீட்சை எழுத வேண்டும். சொந்த நுழைவுத் தேர்வு வைக்கும் நிறுவனங்களும் உண்டு. அழைக்கப்பட்டவர்களின் பட்டியல் பெரும்பாலும் இணையதளத்தில் வந்துவிடும். பட்டியலில் இல்லாதவர்களுக்கு யாரும் எழுதித் தெரிவிப்பதில்லை.

அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான். அங்கே டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பல பல்கலைக்கழகங்களின் விண்ணப்பம் முடிகிறது. நேர்முகம் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கிறது. இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15-க்குள் பதில் சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்கும் துறையில் பத்துப் பேருக்கும் குறைவாக எடுத்துக்கொள்வது அங்கே சாதாரணம்.

இது புதிய பாடும் அல்ல. 1918-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, பிள்ளைகள் வரவே மாட்டார்கள் என்று பெரியவர்கள் எண்ணினார்கள். வந்த விண்ணப்பங்கள் 151. அவர்களில் மிகுதியானவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தகுதியற்றவர்கள் என்று நாம் யாராவது சொல்வோமா?

மூன்றாவது, காத்திருப்பது மனதை என்ன செய்கிறது?

கெட்ட செய்தியைவிட நிச்சயமில்லாமைதான் மனிதனை அதிகம் வாட்டுகிறது. லண்டனில் நடந்து 2016-ல் வெளியான ஒரு ஆய்வில், கையில் சிறு மின் அதிர்ச்சி வரலாம் என்று சொல்லிச் சிலரைக் கணினி விளையாட்டில் உட்கார வைத்தார்கள். அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று அறிந்தபோது இருந்ததைவிட, வருமோ வராதோ என்று பாதிக்குப் பாதி இருந்தபோதே அவர்களுடைய பதற்றம் அதிகமாயிருந்தது. அதே ஆண்டில் கலிபோர்னியாவில் பேராசிரியை கேட் ஸ்வீனியும் அவரது குழுவினரும், வழக்கறிஞர் தேர்வு எழுதி நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளைக் குறித்த ஆய்வை வெளியிட்டார்கள். கவலையை அடக்க அவர்கள் செய்த பிரயாசங்கள் பெரும்பாலும் பலிக்கவில்லை. ஆனால் காத்திருக்கையில் கவலைப்பட்டவர்களே, முடிவு வந்தபோது அதை நன்றாகத் தாங்கிக்கொண்டார்கள். மனம் ஒன்றிச் செய்யும் வேலையில் ஈடுபட்டவர்களுக்குக் காத்திருக்கும் காலம் லேசாகக் கழிந்தது என்று அவர்களுடைய பிந்திய ஆய்வு சொல்லுகிறது.

ஆகையால், "கவலைப்படாதே" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டேயிருப்பதில் பலனில்லை. கவலை தவறு அல்ல. அதோடு இருக்க ஒரு வேலையும் வேண்டும், ஒரு துணையும் வேண்டும்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன?

வீட்டில் இருப்பவர்களுக்கு: தினமும் கேட்காதேயுங்கள். "என்ன தாயி, கடுதாசி வந்துச்சா?" என்று தெருவில் பத்துப் பேர் கேட்டால், "இன்னும் இல்லீங்க அத்தை" என்று அவள் பத்துத்தரம் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினோராவது தரம் அவள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒருவர் மட்டும் கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வருமுன் கல்யாணப் பேச்சை எடுத்து, "அழைப்பு வரலைன்னா இதுதான்" என்று நிபந்தனை வைக்காதேயுங்கள். அப்போது பரீட்சை முடிவு வாழ்க்கை முடிவாகிவிடுகிறது. அந்த மாதங்களில் அவளுக்கு மனம் ஒன்றக்கூடிய வேலை இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். சிறப்புப் பள்ளியில் உதவி செய்யலாம். இந்த அனுபவம் நேர்முகத்தில் பேசவும் உதவும்.

விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு: சேருமுன் அந்தப் படிப்புக்கு மறுவாழ்வுக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். முனைவர் பட்டம் மட்டும் இருந்தால் நோயாளிகளைப் பார்க்கும் பதிவு கிடைத்துவிடாது. ஒரே இடத்தை நம்பி இராமல், அடுத்த வருஷத்துக்கான திட்டத்தையும் இந்த வருஷமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்காதேயுங்கள். 2022 அக்டோபர் முதல் மத்திய அரசு நடத்தும் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். மனோதத்துவம் படித்தவர்கள் இன்னொருவரிடம் உதவி கேட்பது வெட்கம் அல்ல.

சபையாருக்கும் ஆதரவாளர்களுக்கும்: விண்ணப்பக் கட்டணமும், பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்வரும் செலவும், ஓர் இரவு தங்கும் செலவும் மானாவாரி விவசாயி வீட்டுக்குப் பெரிய தொகை. செலவுக்குப் பயந்து ஒரே இடத்துக்கு எழுதிப் போட்டு, அதுவும் கைகூடாமல் நின்றுவிட்ட பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சபைகளின் பரிந்துரையில் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள், முடித்தபின் இரண்டு ஆண்டு மிஷன் மருத்துவமனைகளில் சேவை செய்கிற ஒழுங்கு நெடுங்காலமாக உண்டு. மனோதத்துவம் படிக்கும் பிள்ளைகளுக்கும் சபைகள் இப்படி ஒரு கையைக் கொடுத்தால், அவர்கள் திரும்பி வந்து நம் பக்கத்துத் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்ப்பார்கள். திண்டுக்கல்லுக்கு இரண்டு தரம் பஸ் ஏறும் அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலியாவது மிஞ்சும்.

அழைப்பு வந்தால் அந்தப் பிள்ளையோடு ஒருவர் துணைக்குப் போங்கள். வராவிட்டால் அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போங்கள். புத்தி சொல்லவேண்டாம். சேர்ந்து ஒரு காபி சாப்பிட்டுவிட்டு, அடுத்த விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

 உங்கள் ஊரில் இப்படிக் காத்திருக்கும் பிள்ளைகள் இருந்தால், அவர்களை எங்கள் ஆலோசனைப் பிரிவுக்கு அனுப்பிவையுங்கள். நேர்முகத்துக்கு ஆயத்தமாக அவர்களோடு உட்கார்ந்து பேச நாங்கள் எப்போதும் ஆயத்தமாயிருக்கிறோம்.