காப்பீட்டு அட்டைக்குப் பணம் கட்டுவது யார்?

(திருத்தணியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆடிக் கிருத்திகைக்கு மலையேறும் கூட்டத்துல நம்ம பக்கத்து ஆளு யாரு, ஆந்திரா ஆளு யாருன்னு பிரிக்க முடியாது. திருத்தணியே 1960-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அந்த எல்லை குறுக்கே வந்து நிக்குது.

இந்த அட்டை மத்திய அரசுதா, மாநில அரசுதா என்று குழுக்களில் கேட்கிறோம். இரண்டும்தான். மருத்துவமனையும் பொதுச் சுகாதாரமும் சட்டப்படி மாநிலத்தின் பொறுப்பு. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று மாநில அரசு கொண்டு வந்தது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் இதோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை.

2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஏழை என்று பதிவான குடும்பங்களுக்கு மத்திய அரசு நூற்றுக்கு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு பிரீமியம் கட்டுது. அந்தப் பட்டியலில் இல்லாமல், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முழுசும் மாநில அரசே. நாம ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. அப்போ கைக்குழந்தையா இருந்தது இப்போ பத்தாவது படிக்குது. இன்னும் அந்தப் பழைய கணக்கையே வைத்திருப்பது சரியில்லை என்பது எங்கள் கருத்து.

எல்லையில் இருக்கும் நமக்கு இது முக்கியம். மத்திய அரசுப் பட்டியலில் உள்ள குடும்பம், ஆயுஷ்மான் பாரத்தில் சேர்ந்த வெளிமாநில மருத்துவமனையிலும் சிகிச்சை பெறலாம். மாநிலம் மட்டும் கட்டுகிற குடும்பம், அட்டையை நம்பித் திருப்பதிக்கோ சித்தூருக்கோ கிளம்பிடக் கூடாது. நாம எந்தப் பட்டியல், அந்த ஆஸ்பத்திரியில் அட்டை செல்லுமா என்று 1800 425 3993-க்கு முதலில் போன் பண்ணிக் கேளுங்க. காசு கிடையாது.

அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்களுக்கு 2007-ல் ஆரோக்கியஸ்ரீ என்று தொடங்கிய ஆந்திரத் திட்டம் இருக்குது. ஆனா இங்கே ரேஷன் கார்டில் பெயரை எடுத்துட்டு, அங்கே சேர்க்காமலே விட்டுடறோம். தலைப்பிரசவம் முடிந்தும் சேர்க்காத வீடுகள் உண்டு. அந்தப் பெண்ணுக்கு ஒண்ணுன்னா இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அப்புறம் சங்கக் கடன், அதுவும் பத்தாம கந்து வட்டி.

அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகணும். தனியாப் போக வேண்டாம், குழுவில் நாலு பேரா சேர்ந்து போங்க. கட்டிக்கொடுத்த பெண்ணின் பெயர் எந்தக் கார்டில் இருக்குதுன்னு அடுத்த கூட்டத்துக்குள்ள கேட்டுட்டு வாங்க.